சொரியாசிஸுக்குப் பயாலஜிக் ஊசி: நோயாளிகளும் குடும்பத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகளாகக் களிம்பும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு சலித்துப்போன ஒருவரிடம் தோல் மருத்துவர் பயாலஜிக் ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நோய் இனி அடியோடு தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுவதும் போய்விடும் என்ற அச்சமோதான் முதலில் வருகிறது. இரண்டுமே நோயாளிக்குக் கெடுதல் செய்கின்றன. நம்பிக்கை மிகுந்தவர் தோல் தெளிந்ததும் ஊசியை நிறுத்திவிடுகிறார். அச்சம் மிகுந்தவர் மூட்டுகள் கெட்டுப்போகும்வரை தள்ளிப்போடுகிறார். இந்த மருந்துகள் உண்மையில் என்ன செய்கின்றன, எதைச் சரிபார்த்த பிறகு தொடங்க வேண்டும், தொடங்கிய பின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விளக்குவதே இந்தப் பதில்களின் நோக்கம். இவற்றைப் படித்துவிட்டு எவரும் தாமாக மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

பயாலஜிக் மருந்து என்றால் என்ன? வழக்கமான மாத்திரைகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

சொரியாசிஸ் தோலில் தெரிந்தாலும், அதன் தொடக்கம் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது. சாதாரணமாகத் தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் இந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுவதால், முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளிச் செதில்களாகத் தடித்து நிற்கின்றன. செல்களை இப்படி விரட்டுவது சைட்டோகைன் எனப்படும் புரதங்களே. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17 ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை.

மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகள் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பொதுவாகத் தணிக்கின்றன. பயாலஜிக் மருந்தோ உயிருள்ள செல்களில் வளர்த்தெடுக்கப்படும் புரதம். குறிப்பிட்ட ஒரு சைட்டோகைனையோ, அது சென்று ஒட்டும் ஏற்பியையோ மட்டும் பிடித்து அடைக்கிறது. புரதம் என்பதால் வாய்வழி கொடுத்தால் வயிற்றில் செரித்துப்போய்விடும், ஆகவேதான் ஊசி. அப்ரெமிலாஸ்ட் போன்ற புதிய மாத்திரைகளையும் சிலர் பயாலஜிக் என்றே சொல்கிறார்கள். அவை வேறு வகை மருந்துகள்.

எனக்கு இது தேவையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பை, உடல் தோலின் ஏறத்தாழ 1 விழுக்காடாகக் கொள்வது வழக்கம். பத்து கைகளால் மூட வேண்டிய அளவுக்கு மேல் படை பரவியிருந்தால் நோய் கடுமையானது எனப் பொதுவாகக் கருதுவார்கள். ஆனால் பரப்பு மட்டும் கணக்கல்ல. உள்ளங்கால் வெடித்து நடக்க முடியாதவருக்கும், முகத்திலோ பிறப்புறுப்பிலோ படை உள்ளவருக்கும், பரப்பு 2 விழுக்காடாக இருந்தாலும் வாழ்க்கை முடங்கிப்போகலாம். களிம்புகளுக்குப் போதிய பலன் இல்லாதபோதும், புற ஊதா ஒளி சிகிச்சையோ மெத்தோட்ரெக்சேட்டோ பலன் தராதபோதும் அல்லது ஒத்துக்கொள்ளாதபோதும் பயாலஜிக் மருந்து பரிசீலிக்கப்படுகிறது.

மூட்டு வலி இருந்தால் தாமதிக்க வேண்டாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்வரை மூட்டழற்சிக்கு ஆளாகக்கூடும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுவதும் வீங்கிப்போதல், குதிகாலில் வலி ஆகியவை அதன் அறிகுறிகள். தோல் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தோலில் ஏற்படும் படை தழும்பின்றி மறையும். அரித்துப்போன மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

எத்தனை வகைகள் உள்ளன? எனக்கு எது பொருந்தும்?

இன்று பயன்பாட்டில் உள்ளவற்றில் முதலில் வந்த வகை டிஎன்எஃப் தடுப்பான்கள்: எட்டனெர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப், செர்டோலிசுமாப். அந்த வகையை அடுத்து 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற உஸ்டெகினுமாப், இன்டர்லூக்கின் 12, 23 இரண்டையும் தடுப்பது. இன்டர்லூக்கின் 17 வழியைத் தடுப்பவை செகுகினுமாப், இக்ஸெகிசுமாப், ப்ரோடாலுமாப், பிமெகிசுமாப். இன்டர்லூக்கின் 23ஐ மட்டும் தடுப்பவை குசெல்குமாப், டில்ட்ராகிசுமாப், ரிசன்கிசுமாப்.

"இவற்றில் எது சிறந்தது?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இன்டர்லூக்கின் 17 தடுப்பான்கள் விரைவாக வேலை செய்கின்றன. சிலருக்கு இரண்டு, மூன்று வாரங்களிலேயே செதில் குறைவது கண்ணுக்குத் தெரியும். இன்டர்லூக்கின் 23 தடுப்பான்கள் சற்று மெதுவாகத் தொடங்கினாலும் நீண்ட நாள் நிலைக்கின்றன. குசெல்குமாபையும் செகுகினுமாபையும் நேரடியாக ஒப்பிட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 48ஆம் வாரத்தில் நோயின் அளவு 90 விழுக்காடு குறைந்தவர்கள் முதல் மருந்தில் 84 விழுக்காடு, இரண்டாவதில் 70 விழுக்காடு. அதே ஆய்வின் தொடக்க வாரங்களில் செகுகினுமாபே முன்னால் இருந்தது. விரைவு வேண்டுமா, நிலைப்பு வேண்டுமா என்பதைப் பொறுத்துத் தேர்வும் மாறும்.

அதைவிட முக்கியம், உங்களுக்கு வேறு என்ன நோய்கள் உள்ளன என்பது. குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு இன்டர்லூக்கின் 17 தடுப்பான்கள் அதைக் கிளறிவிடக்கூடும், எனவே தவிர்க்கப்படுகின்றன. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் போன்ற நரம்பு உறை நோய் தமக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ இருப்பவர்களுக்கும் டிஎன்எஃப் தடுப்பான்கள் ஏற்றவையல்ல. மூட்டுத் தொல்லை முன்னிற்பவர்களுக்கு டிஎன்எஃப் அல்லது இன்டர்லூக்கின் 17 தடுப்பான்கள் பெரும்பாலும் முதலில் எண்ணப்படுகின்றன. தற்கொலை எண்ணம் எப்போதாவது இருந்திருந்தால் ப்ரோடாலுமாப் தொடங்கும் முன் அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே இதற்கான எச்சரிக்கை உள்ளது. எனவே "பேதி, வயிற்றுவலி பற்றியெல்லாம் தோல் மருத்துவர் ஏன் கேட்கிறார்?" என்று எண்ணாமல் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டும்? இவ்வளவும் தேவைதானா?

தேவைதான். இந்த மருந்துகளால் நேர்ந்த கடுமையான பாதிப்புகளில் ஒரு பகுதி, உடம்பில் முன்பே உறங்கிக்கொண்டிருந்த கிருமி விழித்துக்கொண்டதால் வந்தது. இதை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்க முடியும் என்பதால், சோதனைகளைத் தவிர்ப்பதற்குச் சமாதானமே இல்லை.

முதன்மையானது காசநோய்ச் சோதனை. தோலில் போடும் டியூபர்குலின் சோதனை அல்லது இன்டர்ஃபெரான் காமா இரத்தச் சோதனை, அத்துடன் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படும். குழந்தைப் பருவத்தில் பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோல் சோதனை தவறாக நேர்மறையாக வரலாம். இரத்தச் சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. மாறாக, ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டுமே தவறாக எதிர்மறையாக வர வாய்ப்புண்டு. ஆகவே வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, அவரோடு ஒரே அறையில் வாழ்ந்தீர்களா என்ற விவரம் சோதனை முடிவுக்கு இணையான மதிப்புடையது. உறவினரின் நோயைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தின் விலை மிக அதிகம்.

அடுத்தது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ். இதில் மேற்பரப்பு ஆன்டிஜென் எனப்படும் வைரஸின் புரதத்தோடு, அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களில் ஒன்றான மைய ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும். முன்னர் எப்போதோ வந்து அடங்கிய தொற்றை இரண்டாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவையும் சேரும். பிறகு காசநோய்க்கான மறுபரிசோதனையை, மருத்துவரின் கணிப்புப்படி ஆண்டுதோறும் செய்துகொள்ளலாம்.

மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் எனக்குப் பயாலஜிக் கிடையாதா?

உண்டு. கிருமி உடம்பில் உறங்கும் நிலை வேறு, நோயாக வெளிப்பட்ட நிலை வேறு. முதல் நிலையில் உள்ளவர் யாருக்கும் நோயைப் பரப்புவதில்லை. அவருக்குத் தடுப்புச் சிகிச்சை கொடுக்கப்படும்: ஐசோனியாசிட் 6 அல்லது 9 மாதங்கள், ரிஃபாம்பிசின் 4 மாதங்கள், ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை என 12 வாரங்கள் எனப் பல முறைகள் உள்ளன. குறைந்தது ஒரு மாதம் அந்த மருந்தை எடுத்த பின் பயாலஜிக் தொடங்குவது பொதுவான நடைமுறை. மீதியை இரண்டும் சேர்ந்தே முடிக்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஆகியவற்றில் காசநோய் விழிக்கும் அபாயம் அதிகம். இன்டர்லூக்கின் 17, 23 தடுப்பான்களில் மிகக் குறைவு. எனவே இத்தகையவர்களுக்குப் பின்னவற்றையே பெரும்பாலான மருத்துவர்கள் நாடுகிறார்கள். வெளிப்பட்ட காசநோய் இருந்தால் அதை முதலில் குணப்படுத்தியாக வேண்டும்.

தடுப்பூசிகளை எப்போது போட்டுக்கொள்வது?

முடிந்தவரை பயாலஜிக் தொடங்கும் முன்பே. தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை, மருந்து தொடங்கிய பின் போடக் கூடாது. செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ஃப்ளூ ஊசி, நிமோனியா தடுப்பூசி, அக்கிக்கு எதிரான புதிய வகைத் தடுப்பூசி ஆகியவற்றை மருந்து எடுக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்? சரியாக வேலை செய்கிறது என்பதை எப்படி அறிவது?

பெரும்பாலான மருந்துகளுக்கு 12 முதல் 16 வாரங்கள் கொடுத்துத்தான் மதிப்பிட வேண்டும். மருத்துவர்கள் பாசி என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு ஆகியவற்றைக் கூட்டி 0 முதல் 72 வரை மதிப்பெண் தருவது அது. முன்பு 75 விழுக்காடு குறைந்தாலே வெற்றி என்றார்கள். இன்று 90 விழுக்காடு குறைவதோ, படையே இல்லாத நிலையோதான் நியாயமான எதிர்பார்ப்பு. "பரவாயில்லை, முன்னைக்கு இப்போது தேவலை" என்று பாதி பலனோடு ஆண்டுக்கணக்கில் நின்றுவிட வேண்டியதில்லை.

முதலில் உதிர்வது செதில். விரலால் தடவினால் சொரசொரப்பு போயிருக்கும். பின்னர் தடிப்பு அமுங்கித் தோல் மட்டமாகும். நிறம் கடைசியில்தான் மாறும். மாநிறமும் கறுப்புமான தோலில், படை இருந்த இடத்தில் கரும்பழுப்புத் திட்டோ வெளிறிய திட்டோ பல மாதங்கள் தங்கியிருக்கும். இதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று மனம் தளர்பவர்கள் பலர். கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலிலிருந்து வேறுபாடு தெரியாவிட்டால், அங்கே இருப்பது நோயின் நிழல் மட்டுமே. நகங்களுக்கு இன்னும் பொறுமை வேண்டும். கைவிரல் நகம் முழுவதும் புதிதாக வளர ஏறத்தாழ ஆறு மாதம், கால் பெருவிரல் நகத்துக்கு ஓராண்டுக்கு மேல்.

ஊசியை வீட்டில் நானே போட்டுக்கொள்ளலாமா?

இரத்தக் குழாய் வழியே மருத்துவமனையில் ஏற்றப்படும் இன்ஃப்ளிக்ஸிமாப் தவிர, சொரியாசிஸுக்கான மற்ற பயாலஜிக்குகள் பெரும்பாலும் தோலுக்கடியில் போடப்படுபவை. முதல் ஊசியைச் செவிலியர் முன்னிலையில் போட்டுப் பழகிக்கொண்டால், பின்னர் பயம் இருக்காது.

மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. போடுவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து மேசைமேல் அப்படியே விட்டுவிடுங்கள். குளிர்ந்த மருந்து உள்ளே போகும்போது எரியும் என்பதாலேயே இந்தக் காத்திருப்பு. அவசரப்பட்டு வெந்நீரில் வைப்பதும் குலுக்குவதும் புரதத்தைக் கெடுத்துவிடும். கருவியில் உள்ள சிறு சாளரத்தின் வழியே வெளிச்சத்தில் பாருங்கள்: கலங்கலாக, திரிதிரியாக, நிறம் மாறி இருந்தால் போட வேண்டாம். ஓரிரு காற்றுக்குமிழிகள் இருப்பது இயல்பு.

தொடையின் முன்பக்கம் அல்லது தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டு வயிற்றுப் பகுதி ஏற்ற இடம். படை உள்ள இடம், தழும்பு, கன்றிப்போன இடம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுங்கள். தானியங்கிப் பேனாவில் அழுத்தியதும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு எடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. சாளரம் முழுவதும் நிறம் மாறும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பிறகு ஒரு துளி இரத்தம் வந்தால் பஞ்சால் மெல்ல ஒற்றினால் போதும், தேய்க்க வேண்டாம். ஊசியைக் குப்பையில் வீசாமல், குத்த முடியாத கெட்டியான கொள்கலனில் போடுங்கள்.

ஒரு தவணை தவறிவிட்டால்?

நினைவு வந்ததும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்வதே பொதுவான வழி. இரண்டு தவணையை ஒன்றாகப் போடக் கூடாது. இடைவெளிகள் மருந்துக்கு மருந்து வேறுபடுகின்றன: தொடக்கத் தவணைகளுக்குப் பின் அடலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செகுகினுமாப் நான்கு வாரம், குசெல்குமாப் எட்டு வாரம், ரிசன்கிசுமாப் பன்னிரண்டு வாரம். இடைவெளி நீள நீள மறதியும் கூடும் என்பதால், நாட்காட்டியில் குறித்து வைப்பதோடு வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

பக்கவிளைவுகள் என்னென்ன? புற்றுநோய் வரும் என்கிறார்களே?

அதிகம் காணப்படுபவை ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, சளி, தொண்டைவலி. இன்டர்லூக்கின் 17 தடுப்பான்களால் வாயிலும் பிறப்புறுப்பிலும் கேண்டிடா பூஞ்சைத் தொற்று வரலாம். நாக்கில் சுரண்டினால் வரும் வெண்படலம் அதன் அடையாளம். எளிதில் குணமாகும், மருந்தை நிறுத்தத் தேவை பெரும்பாலும் இராது. டிஎன்எஃப் தடுப்பான் எடுக்கும் சிலருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் புதிதாகச் சீழ்க்கொப்புளங்கள் தோன்றுவதுண்டு. சொரியாசிஸுக்குக் கொடுத்த மருந்தே சொரியாசிஸ் போன்ற படையை உண்டாக்கும் இந்த விந்தையை மருத்துவர்கள் அறிவார்கள். வேறு வகைக்கு மாற்றுவது அதற்கு ஒரு வழி.

புற்றுநோயைப் பொறுத்தவரை, டிஎன்எஃப் தடுப்பான்களோடு சிலவகைத் தோல் புற்றுநோய் சற்றே கூடுவதாகத் தெரிகிறது. குறிப்பாக முன்பு நீண்ட நாள் ஒளி சிகிச்சை எடுத்த வெண்ணிறத் தோலினரிடம். நிணநீர்ப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையும் அவற்றின் குறிப்பேட்டில் உண்டு. முன்பு புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு எஃபாலிசுமாப் சான்று: 2003இல் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்ற அம்மருந்து, அரிதான கொடிய மூளைத் தொற்றை உண்டாக்கியதால் 2009இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இரண்டு மூன்று வாரமாக விடாத இருமல், காரணமற்ற எடைக்குறைவு, இரவு வியர்வை, மஞ்சள் காமாலை, இரத்தம் கலந்த பேதி, கைகால் மரத்துப்போதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனடியாக அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

தோல் முழுவதும் தெளிந்துவிட்டது. இனி நிறுத்தலாமா?

தாமாக நிறுத்த வேண்டாம். இந்த மருந்து நோயைக் கட்டுக்குள் வைக்கிறது. நோய்க்கான நினைவு தோலின் எதிர்ப்புச் செல்களில் தங்கியே இருக்கிறது. நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலானவர்களுக்குப் படை திரும்பி வருகிறது. விட்டு விட்டுப் போட்டால், மருந்துக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடிகளை உருவாக்கி, மறுபடி தொடங்கும்போது பழைய பலன் கிடைக்காமல் போகலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் விஷயத்தில் ஏற்றும்போதே ஒவ்வாமை நேரும் அபாயமும் கூடுகிறது. நீண்ட நாள் தெளிவாக இருப்பவர்களுக்கு இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பார்ப்பதுண்டு. அது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டியது.

முதலில் நன்றாக இருந்தது. இப்போது படை திரும்புகிறது. ஏன்?

தவணைகள் தவறியதா, உடல் எடை கூடியதா, மருந்து வெளியில் கிடந்து கெட்டதா, தொண்டைத் தொற்று வந்ததா, லித்தியம் போன்ற வேறு மருந்து புதிதாகச் சேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் எதிர் ஆன்டிபாடி காரணமாக இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டைச் சிறிய அளவில் சேர்ப்பது, பயாலஜிக்கின் அளவைக் கூட்டுவது, வேறு மருந்துக்கு மாறுவது எனப் பல வழிகள் உள்ளன. ஒரு பயாலஜிக் தோற்றதால் எல்லாமே தோற்கும் என்பதில்லை. இந்த ஏமாற்றத்தில் ஸ்டீராய்டு மாத்திரையையோ, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியையோ நாடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. அவற்றை எடுத்துத் திடீரென நிறுத்தும்போது உடல் முழுவதும் சீழ்க்கொப்புளங்கள் வெடித்து உயிருக்கே ஊறு நேரலாம்.

கருத்தரிக்கத் திட்டமிடுகிறேன். என்ன செய்வது?

முன்கூட்டியே சொல்லுங்கள். பயாலஜிக்குடன் மெத்தோட்ரெக்சேட்டோ, அசிட்ரெட்டின் என்ற சொரியாசிஸ் மருந்தோ எடுத்தால் அதுதான் முதல் கவலை: இரண்டும் கருவுக்குக் கேடு செய்பவை, அசிட்ரெட்டினை நிறுத்திய பின் 3 ஆண்டுகள்வரை பெண்கள் கருத்தரிக்கக் கூடாது. பயாலஜிக்குகளில் நீண்ட அனுபவம் உள்ளது டிஎன்எஃப் தடுப்பான்களில். அவற்றில் செர்டோலிசுமாப், நஞ்சுக்கொடி வழியே கடத்தப்படத் தேவையான பகுதி இல்லாமல் வடிவமைக்கப்பட்டதால், குழந்தைக்கு மிகக் குறைவாகவே செல்கிறது. மற்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் அதிகம் கடக்கின்றன. அந்நிலையில் பிறந்த குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம்வரை பிசிஜி, ரோட்டாவைரஸ் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். எனவே குழந்தை மருத்துவரிடம் தாய் எடுத்த மருந்தைச் சொல்ல மறக்கக் கூடாது.

அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்த வேண்டுமா?

பல் பிடுங்குவது போன்ற சிறியவற்றுக்குப் பொதுவாகத் தேவையில்லை. தொற்று அபாயம் மிகுந்த பெரிய அறுவை சிகிச்சை என்றால், மருந்து உடம்பில் தங்கும் காலத்தைக் கணக்கிட்டு முன்பே நிறுத்தி, காயம் ஆறிய பின் தொடங்குவார்கள்.

பயோசிமிலர் என்று வேறு பெயரில் தருகிறார்கள். நம்பலாமா?

மூல மருந்தின் காப்புரிமை முடிந்த பின், அதோடு தரத்திலும் பலனிலும் பாதுகாப்பிலும் மருத்துவ முக்கியத்துவமுள்ள வேறுபாடு இல்லை என்று நிரூபித்து அனுமதி பெறுவது பயோசிமிலர். முறையான அனுமதி பெற்றதென்றால் தயங்க வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவால் பாதியில் நிறுத்துவதைவிட அதற்கு மாறுவது எவ்வளவோ மேல். எந்தப் பெயர், எந்தத் தொகுதி எண் என்பதை ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்; ஏதேனும் விளைவு தோன்றினால் எந்த மருந்தால் வந்தது என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்புதான் உதவும்.

எடை, புகை, மது?

உடல் பருமன் பல பயாலஜிக்குகளின் பலனைக் குறைக்கிறது. எடை குறைந்தவர்களுக்கு அதே மருந்து கூடுதலாக வேலை செய்வது தெரிந்ததே. புகைபிடித்தல் நோயைக் கடுமையாக்கும். மது, குறிப்பாக மெத்தோட்ரெக்சேட்டும் எடுப்பவர்களுக்கு, கல்லீரலைக் கெடுக்கும்.

பயணத்தின்போது மருந்தை எப்படி எடுத்துச் செல்வது?

குளிர்காப்புப் பையில், பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதபடி துணியில் சுற்றி வைக்க வேண்டும். விமானத்தில் சரக்கு அறைக்கு அனுப்பும் பெட்டியில் வைத்தால் உறைந்துபோகலாம் என்பதால் கையோடு கொண்டுசெல்லுங்கள். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும். சில மருந்துகளைக் குறிப்பிட்ட நாட்கள் அறை வெப்பநிலையில் வைக்கலாம். எத்தனை நாள், எத்தனை டிகிரிவரை என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். வெளியே எடுத்த தேதியைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.